சைலன்சர் சுட்ட தழும்பு

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். உங்கள் ரேஸ் டீம் ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் கண் கோப்பைக்குப் போகவில்லை. ஓவராலை இடுப்புவரை இறக்கி, சட்டைக்கை இரண்டையும் முன்னால் முடிச்சுப் போட்டு, வெறும் டீஷர்ட்டோடு நிற்கிறாய். பின்னால் பெட்ரோல் டிரம். போனில் சொன்னால் 'சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதான் எழுதுகிறேன்.

2012 மே 13 ஞாபகம் இருக்கிறதா? பார்சிலோனாவில் ஃபார்முலா 1 கார் ரேஸ், உனக்குப் பள்ளிக்கூட லீவு. நம்மூர் நரேன் கார்த்திகேயன் ஓடுகிறார் என்றுதான் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அவர் கார் முடிக்காமலே நின்றுவிட்டது. நீ எழுந்து போகவில்லை. தகுதிச் சுற்றில் முந்திய ஹாமில்டனை, டேங்கில் பெட்ரோல் போதவில்லை என்று கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். வில்லியம்ஸ் டீம் காரில் மால்டொனாடோ முதலில் கிளம்பினார். கடைசியில் அலோன்சோ முதுகை ஒட்டியே வந்தும் வழி விடவில்லை. 2004க்குப் பிறகு வில்லியம்ஸுக்கு அதுதான் முதல் வெற்றி. நீ சோபாவில் ஏறிக் குதித்தாய்.

நீ தூங்கின பிறகுதான் அடுத்த செய்தி வந்தது. ரேஸ் முடிந்து ஒன்றரை மணி நேரம் இருக்கும். அந்த டீமை ஆரம்பித்த ஃபிராங்க் வில்லியம்ஸுக்கு அந்த ஏப்ரலில்தான் 70 முடிந்திருந்தது. கேரேஜில் கூடிய ஆட்களிடம் சக்கர நாற்காலியில் இருந்தபடி பேசி முடித்தார். கொஞ்ச நேரத்தில் எரிபொருள் பக்கமிருந்து தீ. மற்ற டீம் மெக்கானிக்குகளும் அணைக்க ஓடி வந்தார்கள். மால்டொனாடோ தன் சின்னப் பையன் உறவினனை முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்தார். 31 பேர் மருத்துவ மையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த டீமின் இன்னொரு டிரைவர் புரூனோ செனாவின் கார் தீயில் மாட்டிக்கொண்டது. ரேஸ் நடுவில் பெட்ரோல் போடுவதை 2010லேயே நிறுத்தியாகிவிட்டது. ஆனால் நிரப்புவதும் மிச்சத்தை இறக்குவதும் கேரேஜில்தானே, அது என்னைவிட உனக்குத் தெரியும்.

காலையில் உன்னிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என் இடது மணிக்கட்டுத் தழும்பைப் பார்ப்பாய் என்று பயம்.

அது சைலன்சர் சுட்டதில்லை, கண்ணு. நீ பிறப்பதற்கு முந்தின வருஷ ஆயுத பூஜை. மத்தியானம் வரை கார்புரேட்டர் கழுவின பெட்ரோல், வெட்டின ஆயில் டப்பாவில் பெஞ்சுக்கு அடியில் அப்படியே இருந்தது. எடுத்து வைக்க வேண்டியவன் நான். பூசணிக்காய் உடைத்தாயிற்று, பையன்கள் பொரிகடலை தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள், கற்பூரத் தட்டோடு நான் ஒவ்வொரு வண்டியாகப் போய்க்கொண்டிருந்தேன். பெஞ்சு பக்கம் குனிந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சந்தனம் பூசின கையில் முடி கருகின நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. மணல் வாளியில் பையன்கள் மாலையைப் போட்டு அலங்காரம் பண்ணியிருந்தார்கள். அதைப் பிய்த்து எறிந்துவிட்டுத்தான் மணலைக் கொட்ட முடிந்தது.

ஒரு வண்டியின் சீட் போயிற்று. வண்டிக்காரரிடம் எலி கடித்துவிட்டது என்று சொல்லிப் புதிது போட்டுக்கொடுத்தேன். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் வருகிறது. அடுத்த போட்டோவில் சட்டைக்கை மணிக்கட்டுவரை இருக்கட்டும். கார் டேங்க் காலியான பிறகு எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்.

அப்பா