காங் சாகவில்லை என்று எழுதிய பையனுக்காக

மன்றத்து அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன வாரம் பாலாய் ராயா மண்டபத்தில் நீங்கள் நடத்திய சினிமாப் புதிர்ப் போட்டியில், 'கிங் காங் கடைசியில் என்ன ஆனது?' என்ற கேள்விக்கு என் அக்கா மகன் 'கதாநாயகன் ஜாக் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினான், காங் தீவுக்கே திரும்பிப் போய்விட்டது' என்று எழுதினான். படத்தில் அந்த ராட்சதக் குரங்கு செத்துப்போகும் அல்லவா, அதனால் அதை மைக்கில் வாசித்ததும் மண்டபமே சிரித்தது. பையன் கதை கட்டவில்லை அண்ணே. 2005-இல் பீட்டர் ஜாக்சன் இயக்கிய 'கிங் காங்' படத்தோடு வந்த வீடியோ கேமில் அந்த முடிவு இருக்கிறது. சும்மா கிடைக்காது, ஆடி முடித்தபிறகு பழைய கட்டங்களுக்கே திரும்பிப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும்.

சரி, மார்க் போனால் போகட்டும். 'கேம்னா படத்தக் காப்பி அடிக்கிறதுதானே' என்று உங்களில் ஒருவர் சொன்னார் பாருங்கள், அதற்குத்தான் இந்த மடல்.

படத்தில் காங் விழுவதை நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். கேமில் கொஞ்ச நேரம் நாமே ஜாக், கொஞ்ச நேரம் நாமே காங். திரையில் குண்டுக் கணக்குகூட இருக்காது, பட்டனை அழுத்தினால் எத்தனை மிச்சம் என்று ஜாக்கே வாய்விட்டுச் சொல்வான், தீர்ந்துவிட்டால் கிடக்கிற ஈட்டியைப் பொறுக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இத்தனை பாடுபட்டவனுக்குக் காங்கைச் சாக விட மனசு வருமா?

'ஸ்கார்ஃபேஸ்' (1983) படத்தில் கதாநாயகன் டோனி தன் மாளிகையிலேயே செத்துப்போவான். 2006-இல் வந்த கேம் அந்தச் சண்டையில்தான் ஆரம்பிக்கிறது, ஆனால் அவன் தப்பித்துவிடுகிறான். 'காட்ஃபாதர்' கேமில் நாம் படத்தின் நாயகன் மைக்கேல்கூட இல்லை, படத்தில் தலைகாட்டாத ஓர் அடியாள்.

குப்பையும் உண்டு, மறைப்பானேன். 1982-இல் கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க 'ஈ.டி.' படத்தின் கேமை ஐந்தே வாரத்தில் செய்து, விற்காமல் தேங்கியதை நியூ மெக்சிகோ குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014-இல் தோண்டியும் எடுத்தார்கள். அவசரப்படாததும் உண்டு: 'கோல்டன்ஐ' என்ற ஜேம்ஸ் பாண்ட் படம் 1995, கேம் வந்ததோ 1997. அந்த நிதானம் ஆட்டத்தில் தெரியும்.

அடுத்த விடுமுறைப் போட்டியில் கேள்வியோடு 'படத்தில்' என்று ஒரு வார்த்தை சேருங்கள். அப்படியே ஒரு சாயங்காலம் மண்டபத்தைக் கொடுங்கள், என் பழைய பிளேஸ்டேஷன் 2-ஐத் தூக்கிக்கொண்டு வருகிறேன். மன்றத்துப் புரொஜெக்டரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் செருக இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஈப்போவுக்குப் போகும்போது அடாப்டர் வாங்கிவிடுகிறேன்.