லாரி டயர் வாங்குவது குறித்து நாமக்கல், சங்ககிரி வட்டார உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களைச் சேர்ந்த லாரி, டிப்பர் உரிமையாளர்களுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

டீசல் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று நடைக்கு நடை கணக்குப் பார்க்கும் நம் அலுவலகங்களில், டயர் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் சொல்லும் விலையும் அவர் தரும் தவணையுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ரீட்ரெட் செய்து, அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி, ஓடும் தூரத்தையும் சேர்த்து, ஒரு டயர் தன் ஆயுள் முழுவதிலும் கிலோமீட்டருக்கு எத்தனை பைசா ஆகிறது என்று பார்த்து வாங்குங்கள் எனக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு முழுத் தொகைகளாகவே எடுத்துக்கொள்வோம். 20,000 ரூபாய்க்கு வாங்கிய டயர் 80,000 கிலோமீட்டர் ஓடி, கேசிங் (மேல் ரப்பருக்கு அடியில் இருக்கும் டயரின் உடல்) கெட்டு, ரீட்ரெட்டுக்கு ஆகாமல் போனால் கிலோமீட்டருக்கு 25 பைசா. 24,000 ரூபாய்க்கு வாங்கிய டயர் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, அதன்பின் 6,000 ரூபாய் வீதம் இருமுறை ரீட்ரெட் செய்யப்பட்டு, ஒவ்வொரு முறையும் 60,000 ஓடினால், மொத்தச் செலவு 36,000, மொத்த ஓட்டம் 2,20,000. கிலோமீட்டருக்கு 16 பைசாவைச் சற்றே தாண்டுகிறது. வாங்கிய அன்று 4,000 ரூபாய் மிச்சம் என்று தெரிந்த டயர்தான் இங்கே அதிகச் செலவு வைத்தது. ரீட்ரெட் பட்டறைகள் இத்தனை நிறைந்த ஊரில் இருந்துகொண்டு கேசிங்கின் தரத்தைக் கேட்காமல் டயர் வாங்குவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கேசிங்கை முதலில் கெடுப்பது சுமை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆயிற்று. இரண்டு டயர் கொண்ட முன்னச்சுக்கு 6 டன் 7 டன் ஆயிற்று. சட்டம் அனுமதித்ததால் டயரும் தாங்கும் என்று பலர் எண்ணிவிட்டோம். டயரின் பக்கச்சுவரில் சுமைக் குறியீடு 146/143 என்று பொறித்திருந்தால், ஒற்றை வீலில் அந்த டயர் 3,000 கிலோவும் இரண்டு டயர் அடுத்தடுத்து மாட்டிய இரட்டை வீலில் 2,725 கிலோவும் தாங்கும் என்று பொருள். பின்னச்சில் நான்கு டயரும் சேர்ந்து 10,900 கிலோ. சட்ட வரம்புக்கு 600 கிலோ குறைவு. முன்னச்சில் இரண்டும் சேர்ந்து 6,000 கிலோ; அங்கே ஒரு டன் குறைவு. வேகம் குறைந்தால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்று நிறுவனங்களின் அட்டவணைகள் சொல்வது உண்மைதான். ஆனால் நாக்பூர் வெயிலில் நேரத்துக்குச் சரக்கை இறக்க வேண்டிய வண்டி மெதுவாகப் போகும் என்று நம்பி டயர் வாங்கக் கூடாது. வரம்பு முழுவதும் பாரம் ஏற்றுபவர்கள் முன்னுக்கு 152, பின் இரட்டை வீலுக்கு 146 என்ற குறியீடுகளுக்குக் குறையாமல், தங்கள் வண்டியின் டிஸ்க்குக்கு (டயர் மாட்டும் சக்கரத்துக்கு)ப் பொருந்தும் டயராகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது வேலை. கல்குவாரியிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றும் டிப்பருக்கு ஆழமான பட்டனும் (சாலையைத் தொடும் ரப்பர் வரிகள்) வெட்டுப்படாத ரப்பர் கலவையும் வேண்டும். அதே டயரை நெடுந்தூர லாரியில் மாட்டினால், தடித்த ரப்பர் தொடர் ஓட்டத்தில் சூடேறி உள்ளே அடுக்கு பிரிந்துவிடும். குவாரி டயர்களில் வேகக் குறியீடு 'டி' (D) என்று இருந்தால் மணிக்கு 65 கிலோமீட்டர்தான் எல்லை. 'கே' (K) என்றால் 110. நெடுஞ்சாலை வண்டிக்கு முன்னால் ரிப் (நீளவாக்கில் வரி ஓடும் டயர்), இழுக்கும் அச்சில் லக் (குறுக்குக் கட்டை உள்ள டயர்) என்ற பழைய வழக்கம் சரியானதே. முன் வீலில் ரீட்ரெட் டயர் வேண்டாம். ஒரே அச்சில் நைலான் இழை டயரையும் கம்பி ரேடியல் டயரையும் கலக்கவும் வேண்டாம். இரட்டை வீலில் ஒன்று புதிதாகவும் மற்றொன்று தேய்ந்ததாகவும் இருந்தால் பெரியது பாரத்தைச் சுமக்கும், சிறியது உராய்ந்து தேயும்.

காற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் இரண்டே செய்திகள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கக் கூடாது; காலையில் வண்டி கிளம்பும் முன் பார்ப்பதே சரியான அளவு. உரிய அழுத்தத்தில் 80 விழுக்காட்டுக்கும் கீழே ஓடிய டயரை, காற்றே இல்லாமல் ஓடியதாகக் கருதிக் கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான் மீண்டும் காற்றடிக்க வேண்டும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் காற்றடிக்கும்போதே பக்கச்சுவர் வெடித்து, பக்கத்தில் நிற்பவரின் உயிரைப் பறிக்கக்கூடும்.

ரீட்ரெட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், பட்டன் ஆழத்தைச் சட்டம் விதித்த 1.6 மில்லிமீட்டர் வரை தேய்க்காமல், 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே கழற்றிவிடுவது கேசிங்கைக் காக்கும். டயர் வெடித்தால் ஓட்டுநரின் படியில் பிடித்தம் செய்யும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். பிடித்தத்துக்கு அஞ்சும் ஓட்டுநர் பக்கச்சுவரில் விழுந்த வெட்டைச் சொல்லாமல் மறைப்பார், தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அது வெடிக்கும்.

சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். டயர் எண், வாரமும் ஆண்டும் காட்டும் நான்கிலக்கத் தயாரிப்புக் குறி, எந்த வீலில் மாட்டியது, மாட்டியபோதும் கழற்றியபோதும் ஓடோமீட்டர் காட்டிய அளவு, ரீட்ரெட் செய்த விவரம், கழித்த காரணம் ஆகியவற்றைப் பதியும் ஒரே மாதிரிப் படிவத்தை உறுப்பினர் அனைவருக்கும் கொடுங்கள். தனி ஒருவரின் இரண்டு வண்டிக் கணக்கை எந்த டயர் நிறுவனமும் பொருட்படுத்தாது. ஒரு வட்டாரத்தின் கணக்கு மொத்தமாகக் கையில் இருந்தால், எந்த டயர் எந்தத் தடத்துக்கு ஆகாது என்று ஆதாரத்தோடு சொல்லலாம், உத்தரவாதத்தையும் விலையையும் நேரடியாகப் பேசலாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, படிவம் தயாரிக்கும் பொறுப்பை டயர் வேலை தெரிந்த இருவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லாரி டயர் பராமரிப்புப் பணியில் இருக்கும் ஒருவன்