துத்சாகர் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்மணிக்கு,

ஜூலையில் தோழிகளோடு கோவாவில் இருக்கிற துத்சாகர் அருவிக்குப் போகிறோம், குலேம் ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளம் வழியாகவே நடந்துவிடுவோம் என்று போனில் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அருவிக்குப் போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். தண்டவாளத்தில் நடப்பது மட்டும் வேண்டாம்மா. அந்த மலைப்பாதை முழுக்கச் சுரங்கமும் வளைவும். கொட்டுகிற மழையில், அருவி இரைச்சலில், பின்னால் ரயில் வருவது காதில் விழாது. ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி அது குற்றமும்கூட.

மழையிலேதான் பார்க்கணும் என்றால் ரயிலில் உட்கார்ந்தபடியே பார். மலைமேல் இருக்கிற காசில் ராக் ஸ்டேஷனிலிருந்து குலேமுக்கு இறங்கும் பாதை அருவியின் குறுக்கே பாலம் போட்டுத்தான் போகிறது. செங்குத்தான இறக்கம், அதனால் வண்டி மெதுவாகவே நகரும், சாரல் ஜன்னலுக்குள் வந்து முகத்தில் அடிக்கும். ஆனால் அது சில நிமிஷம்தான். நின்று நிதானமாகப் பார்க்க ஆசை இருந்தால் மழை ஓய்ந்து, அக்டோபர் வாக்கில் குலேமிலிருந்து ஜீப் விடத் தொடங்கிய பிறகு போ. நானும் அம்மாவும் அப்படித்தான் போனோம். பகவான் மகாவீர் சரணாலயக் காட்டுக்குள் ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறிப் போகும் ஜீப், அப்புறம் கல்லும் வேருமாகக் கொஞ்ச தூரம் நடை.

310 மீட்டர் உயரம், நாலு அடுக்கு. அடியில் நின்று முதலில் நிமிர்ந்தபோது எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது. மேலே விழுகிற தண்ணீரில் ஒரு திரளை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கிப் பார். பாறையில் மோதி உடையும், பாதி புகையாகிக் காற்றோடு போகும், மீதி அகலமாகப் பரவி அடுத்த படியில் மறுபடி சேர்ந்து குதிக்கும். அந்த நேரம் பார்த்து மேலே பாலத்தில் ஒரு ரயில் வந்தது, தீப்பெட்டிகளைக் கோத்து இழுத்த மாதிரி அவ்வளவு சின்னதாக. அந்த உயரம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பதும் அது உடனே நனைவதுமாக இருந்தது, கடைசியில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டாள்.

கீழே இருக்கிற குளம் பச்சையாக, அமைதியாகத் தெரியும், ஆழம் தெரியாது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதே, நீச்சல் தெரிந்தாலும் சரி. பாசி பிடித்த பாறையில் ஏறி போட்டோ எடுக்க வேண்டாம். இன்னொன்று, இதைத் தோழிகளிடமும் சொல்லிவை: நீ நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மாண்டோவி ஆறு வருகிற மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பை செருப்பு எதையும் பார்க்காமல் உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடு.

தோழிகளிடம் பேசிவிட்டுத் தேதியைச் சொல்லு. அக்டோபருக்கு மாற்றினால் நாங்களும் வருகிறோம், அம்மா இப்போதே சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா