முத்தையாபுரம் உப்பளத்துக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் அண்ணாச்சிமாருக்கும்,

ஏப்ரலில் ஐந்து நாள் உங்களோடு உப்பு சுமக்க வந்த ஆடிட்டர் எழுதுகிறேன். உங்கள் முதலாளியின் கணக்கை 11 ஆண்டுகளாகப் பார்க்கிறேன். கூலி என்பது அதில் ஒரு வரி. அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. ஆசை என்னுடையது, அதற்கு உழைத்தவர்கள் நீங்கள்.

கடல்நீர் வெயிலில் சுண்டி, அதன் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரியைத் தொட்டால் உப்பு விளையும் என்று படித்துவிட்டுத்தான் வந்தேன். உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகையை அழுத்தினால் அடிச்சேறும் சேர்ந்து வரும் என்று படித்ததில் இல்லை. நான் கறுப்பாக்கிய உப்பைப் பக்கத்துப் பாத்தி அண்ணாச்சி பேசாமல் அலசி வெளுத்தார். உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டுக்கு நீங்கள் மூன்று நடை போய் வருவதற்குள் எனக்கு ஒரு நடை, அதுவும் அரைப்பெட்டி. மீதியை யார் சுமந்தார்கள் என்று அம்பாரத்தைப் பார்த்தால் தெரியாது. ஐந்து நாள் கூலியை நான் வாங்காததைப் பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். என் வேலை அதற்குப் போதவில்லை.

இரண்டாம் நாள் விரலிடுக்கு வெடித்தபோது தேங்காய் எண்ணெயும் தம் காலுறையும் தந்த அக்காவுக்குத் தனி நன்றி. ‘தம்பி என்றே கூப்பிடுங்கள்’ என்றேன். ‘வேண்டாம் சார், நீங்கள் கணக்குப் பார்க்க வரும்போது வாய் தவறி வந்துவிடும்’ என்றார். ஐந்து நாளும் சார்தான்.

ஐப்பசி மழையில் அளம் முங்கிய பிறகு, அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தில் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கணக்கில் வாய் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒன்றை அங்கே சொல்லாமல் வந்துவிட்டேன். நான் கொண்டுவந்த தண்ணீர் எட்டு மணிக்கே தீர்ந்து, உங்கள் குடத்திலிருந்து குடித்தேன். அந்தக் குடிநீர் வண்டிச் செலவுக்கு ரசீது எங்கே என்று மூன்று ஆண்டுகள் கேள்வி எழுதியவன் நான்தான். சலித்துப்போன முதலாளி ஒரு நடையை நிறுத்திவிட்டார். போன வாரம் அவரைப் பார்த்துப் பேசினேன். திங்கள் முதல் இரண்டாம் நடையும் வரும் என்றிருக்கிறார். வராவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

சும்மாட்டுத் துணி ஒன்று என் பையோடு வந்துவிட்டது. துவைத்து வைத்திருக்கிறேன்; வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அரைப்பெட்டி ஆடிட்டர்