வீட்டு ஸ்விட்சை வீட்டுக்குள்ளேயே விடுங்கள்: ஸ்மார்ட் சாதன நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

உங்களில் ஒரு நிறுவனம் அண்மையில் அனுப்பிய அப்டேட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ‘லோக்கல் கன்ட்ரோல்’ உண்டு, அதாவது இன்டர்நெட் இல்லாமல் வீட்டுக்குள்ளிருந்தே இயக்கலாம் என்று பெட்டியிலேயே அச்சிட்டு விற்ற ஸ்விட்ச் மாட்யூல்கள் (ஃபேனையும் லைட்டையும் வைஃபை வழியாகப் போட்டு அணைக்க ஸ்விட்ச் போர்டுக்குள் வைக்கும் சிறு கருவிகள்), ஒரே இரவில் நிறுவனத்தின் சர்வர் சொன்னால்தான் கேட்போம் என்றாகிவிட்டன. பாதுகாப்புக்காகவாம்.

எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பக்கவாதம் வந்த பிறகு அப்பாவால் ஸ்விட்ச் போர்டு வரை நடக்க முடியாது. கட்டில் சட்டத்தில் அவர் இடது கை எட்டும் இடத்தில் ஒரு சிக்பீ பட்டன் (இன்டர்நெட் இல்லாமல் குறுந்தூர ரேடியோ அலையில் பேசும் வயரில்லா பட்டன்) ஒட்டியிருக்கிறேன். ஒரு தட்டுக்கு ஃபேன், இரண்டு தட்டுக்கு லைட். ஹாலில் உள்ள ‘ராஸ்பெர்ரி பை’ என்ற கையடக்கக் கணினியில் ஓடும் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்ற மென்பொருள் அந்தத் தட்டை வாங்கி, சுவருக்குள் இருக்கும் மாட்யூலுக்கு வைஃபையில் சொல்லும். எதுவும் வாசல் தாண்டிப் போகாது. அப்டேட்டுக்குப் பிறகு, குழி தோண்டியவர்கள் தெருவில் ஃபைபர் கேபிளை அறுத்த அன்று, அப்பா இரவில் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். கரண்ட் இருந்தது, ஃபேனிலும் கோளாறில்லை. எங்களை எழுப்ப மனமில்லாமல் விடியும்வரை புழுக்கத்தில் கிடந்தார். காலையில் தலையணை உறை தொப்பலாக நனைந்திருந்தது. “பட்டன் ரிப்பேர் போலிருக்கு, பரவாயில்லப்பா” என்றார்.

தலைக்கு மேல் தொங்கும் ஃபேனைப் போட உங்கள் சர்வரின் அனுமதி எதற்கு? இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும்படி கொடுங்கள். நீங்களே இல்லாமல் போனாலும் வேலை செய்யும்படி கொடுங்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் சாதன நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் சர்வர்களை அணைத்தபோது அந்த வாடிக்கையாளர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல.

அப்புறம், ஃபேன் போடும் ஆப்புக்கு இருப்பிடமும் தொடர்புப் பட்டியலும் ஏன்? அப்பா இரவில் எத்தனை முறை லைட் போடுகிறார் என்பது அவர் உடல்நிலையைச் சொல்லிவிடும். அது இப்போது உங்கள் கணக்கில் பதிவாகிறது. தேவைக்கு மேல் வாங்கிய சம்மதம் செல்லாது என்று 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தொடர்புப் பட்டியல் கேட்கும் மருத்துவ ஆலோசனை ஆப்பையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் தருகிறது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பாதுகாப்புதான் கவலை என்றால் கடவுச்சொல் வையுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்கள் ஒன்றோடொன்று பேச 2022-இல் வந்த ‘மேட்டர்’ என்ற பொதுத் தரநிலையில் மறையாக்கத்தோடு வீட்டுக்குள்ளேயே பேச வழி இருக்கிறது. அடுத்த அப்டேட்டில் லோக்கல் கன்ட்ரோலைத் திருப்பிக் கொடுங்கள். இன்டர்நெட் இல்லாதபோது எது ஓடும், எது ஓடாது என்பதைப் பெட்டியின் மேலேயே தமிழிலும் அச்சிடுங்கள். தயவுசெய்து கோடைக்கு முன்பே செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்