சத்திரத்துக் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உடல் இயக்கக் குறைபாடுள்ள குழந்தைகள் விளையாடவும் கதை கேட்கவும் ஏற்ற இடமாகப் பழைய சத்திரத்துக் கூடத்தை மாற்றியமைக்கும்படி பொதுக்குழு ஒப்படைத்த பணி நிறைவடைந்து, கூடம் சனிக்கிழமைதோறும் புழக்கத்தில் இருக்கிறது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே சுற்றுக்கு விடப்பட்டுள்ளதால், எந்தப் பணியை எதன்பொருட்டுச் செய்தோம் என்பதை மட்டும் இங்கே தெரிவிக்கிறோம்.

அதிகச் செலவு பிடித்தது வாசல்தான். கூடத்தின் தரை தெருமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலியைப் பிள்ளை தானே உருட்டி மேலேற வேண்டுமானால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது சாய்தளம் இருக்க வேண்டும். ஆகவே 18 அடிச் சாய்தளத்துக்காகத் திண்ணையின் ஒரு பகுதியை இடிக்க வேண்டியதாயிற்று. இதில் மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு மனத்தாங்கல் உண்டென்பதை அறிவோம். ஆயினும் செங்குத்தாகக் கட்டிவிட்டு இருவர் பின்னாலிருந்து தள்ளுவதாயின், சாய்தளம் கட்டியே பயனில்லை. கதவு நிலை மூன்றடிக்கு அகலப்படுத்தப்பட்டது. வழுக்கிய கடப்பைக் கல் சொரசொரப்பாகக் கொத்தப்பட்டது. கழிவறையில் கைப்பிடிகளோடு, வளர்ந்த பிள்ளையைக் கிடத்தி உடைமாற்ற ஒரு நீள மேடையும் கட்டப்பட்டுள்ளது. அதைக் கேட்டவர்கள் தாய்மார்கள். எந்த வரைபடக்காரருக்கும் அது தோன்றவில்லை.

விளையாட்டுப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கையில், தன் முறை வரும்போது பிள்ளை தானே ஆட வேண்டும் என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டோம். உறுப்பினர் பலர் விரும்பிய, சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சலை வாங்காததும் இதனால்தான். அதில் பிள்ளையைப் பிறர்தாம் ஆட்ட வேண்டும். வேலியும் எந்நேரமும் ஓர் ஆளும் வேறு தேவைப்படும். அந்தத் தொகையில் போச்சியா பந்துகளும் சரிவுத் தடமும் வாங்கினோம். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கென வளர்ந்து, 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் அந்த ஆட்டத்தில், வெள்ளைப் பந்தை ஒட்டித் தம் நிறப் பந்துகளைச் சேர்க்க வேண்டும். கையால் எறிய இயலாதவர் பந்தைச் சரிவுத் தடத்தில் வைத்து உருட்டலாம். தடத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை ஆடுபவரே சொல்ல, உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகு காட்டியபடிதான் திருப்ப வேண்டும் என்பது விதி. உதவி செய்ய வருபவர்கள் ஆட்டத்தையே கையில் எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல கடிவாளம் எங்களுக்குத் தெரியவில்லை. முழு ஆடுகளத்துக்கு 12.5 மீட்டர் நீளம் வேண்டும்; கூடத்துக்கு ஏற்பக் குறைத்துக் கோடு போட்டிருக்கிறோம். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளும், விரல் மடங்காத கைக்கும் எட்டும்படி அகலமாகக் குடையப்பட்டு, அடியில் முழங்கால் நுழையும் உயர மேசையில் பதிக்கப்பட்டுள்ளன; சோழிக்குப் பதில் புன்னைக்காய். இயன்முறை மருத்துவர் சொன்ன அளவில் தச்சர் செய்த மூலை நாற்காலிகள் முதுகையும் பாதத்தையும் தாங்கிக்கொள்வதால், விழாமலிருக்க ஊன்றிய கைகள் ஆட்டத்துக்குக் கிடைக்கின்றன.

கதை நிகழ்ச்சிக்கு வில்லுப்பாட்டைத் தேர்ந்தெடுத்தோம், ஏனெனில் அதில் 'ஆமா' போடுபவர் இல்லாமல் கதை நகராது. பேச்சு வராத பிள்ளைகளுக்காக, அழுத்தினால் பதிவு செய்த குரல் ஒலிக்கும் உள்ளங்கை அளவு விசைப்பெட்டிகள் வாங்கியுள்ளோம். அக்காவோ தம்பியோ பேசிப் பதிந்த 'ஆமா' அதில் ஒலிக்கும். "அரக்கன் கதவைத் தட்டினான்" என்று பாடகர் நிறுத்தினால், கழுத்தைத் திருப்பிக் கன்னத்தால் அந்தப் பிள்ளை விசையைத் தொடும்வரை அரக்கன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சில பிள்ளைகள் வேண்டுமென்றே காக்க வைக்கிறார்கள்; அதைத் தடுக்க வேண்டாமென்று பாடகர்களிடம் சொல்லியிருக்கிறோம். வீசுகோலின் பிடியில் துணி சுற்றி, மணிக்கட்டோடு ஒட்டுப்பட்டையால் கட்டிவிடுவதால், விரல்கள் மூடாத பிள்ளையும் வில்லைத் தட்ட முடிகிறது.

சாய்தளத்துக்கு மேற்கூரை மட்டும் பாக்கி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைப் போட்டுவிட அடுத்த பொதுக்குழுவில் ஒப்புதல் கோருகிறோம். கதை சொல்ல முன்வரும் உறுப்பினர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். குரல்வளத்தைக் காட்டிலும் காத்திருக்கும் பொறுமையே இங்கு முக்கியம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்