ஏறியது பணமா, பண்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் சில்லறை விற்பனை இத்தனை சதவீதம் கூடியது, சீனாவில் இவ்வளவு, பிரிட்டனில் இவ்வளவு என்று உங்கள் வணிகப் பக்கத்தில் அட்டவணை போடுகிறீர்கள். பெரம்பூரில் மளிகைக் கடை நடத்தும் நான் அதை விடாமல் படிப்பவன். ஆனால் அந்த எண்கள் எல்லாம் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல.

அமெரிக்காவின் மாதாந்தரக் கணக்கு டாலர் மதிப்பில் வருவது. கிறிஸ்துமஸ் போன்ற பண்டிகைக் கால ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிடுவார்கள். விலைவாசி உயர்வைக் கழிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் முன்னால் வைப்பது, விலையேற்றத்தை நீக்கிய அளவுக் கணக்கு. பிரிட்டன் இரண்டையுமே தருகிறது. சீனாவில் புத்தாண்டு சில வருடம் ஜனவரியில், சில வருடம் பிப்ரவரியில் வரும் என்பதால் அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். இவற்றை வரிசையாக அடுக்கி, யார் முந்தியது என்று பார்ப்பது சரியா?

பணத்துக்கும் பண்டத்துக்கும் உள்ள வித்தியாசம் கல்லாவில் உட்கார்ந்தால் தெரியும். 2025இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியபோது, லிட்டர் வாங்கிய வீடுகள் அரை லிட்டருக்கு இறங்கின. "தலைக்கு மட்டும் போதும்ணா" என்று நூறு மில்லி பாட்டிலோடு நிறுத்தியவர்களும் உண்டு. என் நோட்டில் எண்ணெய் விற்ற பணம் குறையவில்லை, வாங்கி இறக்கிய சரக்குதான் குறைந்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இன்னொரு வேடிக்கை. விலை அதே ஐந்து ரூபாய்தான். எடை மட்டும் மெலிந்துகொண்டே போகிறது.

நம் நாட்டில் இப்படி மாதாமாதம் அரசே வெளியிடும் சில்லறை விற்பனைக் கணக்கு கிடையாது. அதனால் ஜிஎஸ்டி வசூலைப் பார்த்து, மக்கள் வாங்குவது கூடியது, குறைந்தது என்று எழுதுகிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் மீதான வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதே அளவு சரக்கு விற்றாலும் இவற்றில் கிடைக்கும் வரி முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதற்காக வியாபாரம் படுத்துவிட்டது என்று அர்த்தமா?

அரிசிக் கதை தெரிந்ததுதான். 2022 ஜூலையில், 25 கிலோ வரை மூட்டை கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு, பிராண்ட் இல்லாவிட்டாலும் 5 சதவீத வரி என்றார்கள். உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. அந்த அரிசி வயிற்றுக்குள் போகிறது, வரிக் கணக்குக்குள் வருவதில்லை.

தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. கடலை மாவும் நெய்யும் பறப்பது அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து நாளில். 2024 அக்டோபரை 2023 அக்டோபரோடு ஒப்பிட்டு 'அமோக வளர்ச்சி' என்று தலைப்பு வைத்தால், அதில் பாதி பஞ்சாங்கத்தின் வேலை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'மதிப்பில்', 'அளவில்' என்று ஒரு சொல்லும், பண்டிகை மாதம் மாறியிருந்தால் ஒரு அடிக்குறிப்பும் போடுங்கள். இடம் போதாது என்றால் அந்த ஷாப்பிங் பை படத்தைச் சின்னதாக்கலாம். அது எப்படியும் மாதாமாதம் ஒரே படம்தான்.

இப்படிக்கு,
மளிகை வியாபாரி ஒருவர்,
பெரம்பூர், சென்னை – 11.